சாங்கியிலிருந்து நியூயார்க் எத்தனை நாழிகை வழி?

ஊரில் யாரிடமாவது திருநெல்வேலி எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் வருவது அபூர்வம். "ராத்திரி பஸ் ஏறினா விடியக் காலம் போயிரலாம்" என்பார்கள். இது பேருந்து வந்த பிறகு ஏற்பட்ட பழக்கமும் இல்லை. நாழிகை வழி என்று தமிழில் ஓர் அளவே இருந்தது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவர் நடந்து கடக்கும் தூரம் அது. கூப்பிடு தூரம் என்பது குரலால் அளந்தது. தூரத்தை நேரமாகச் சொல்வதில் நம் முன்னோருக்குச் சிக்கல் இருக்கவில்லை. மனிதரின் நடை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை; போன வழியேதான் திரும்பியும் வந்தார்கள்.

விமானப் பயணத்தில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. போகும் வழி வேறு, வரும் வழி வேறு. வேகமோ அன்றன்றைய காற்றைப் பொறுத்தது. ஆனாலும் தொலைவில் உள்ள இரு விமான நிலையங்களின் பெயரைச் சொன்னால் "இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம்" என்று இரண்டு எண்களை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம், நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம். இரண்டுக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறக்கும் விமானம் தினமும் உண்டு. இதை எழுதும் இன்றைய நிலையில், இடைநில்லாப் பயணிகள் விமானங்களில் உலகிலேயே நீளமான தடம் இதுதான். தூரம் 15,349 கி.மீ.; நேரம் ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம். இரண்டு எண்களிலும் தவறு இல்லை. ஆனால் முதல் எண் குறிக்கும் கோட்டின் மேல் அந்த விமானம் பெரும்பாலும் பறப்பதில்லை. இரண்டாவது எண் குறிக்கும் நேரத்துக்கு அது காற்றில் இருப்பதும் இல்லை.

முதலில் தூரம். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சிங்கப்பூரில் ஒரு முனையையும் நியூயார்க்கில் மறுமுனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுவரில் மாட்டிய உலகப் படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நூல் பசிபிக் கடலின் மீதோ ஐரோப்பாவின் மீதோ விழும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். அது நேராக வடக்கே ஏறி, ஆர்க்டிக்கைக் கடந்து, கனடா வழியாக இறங்கும். காரணம் எளிது. சாங்கியின் தீர்க்கரேகை கிழக்கே ஏறத்தாழ 104 பாகை. கென்னடி நிலையத்தினுடையது மேற்கே ஏறத்தாழ 74 பாகை. கூட்டினால் 178. இது 180ஆக இருந்தால் இரண்டு ஊர்களும் நேர் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதாக ஆகும். குறுக்கு வழி துருவத்தின் உச்சி மீதே போகும். இரண்டு பாகை குறைவதால் கோடு வடதுருவத்தை ஏறத்தாழ 280 கி.மீ. தள்ளிக் கடக்கிறது. வழியில் தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் சிச்சுவான், மங்கோலியா, சைபீரியா; துருவத்தைத் தாண்டினால் எல்லெஸ்மியர் தீவின் பக்கம், பாஃபின் தீவு, கியூபெக். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போக விமானி முகத்தைத் திருப்ப வேண்டிய திசை கிழக்கோ மேற்கோ அல்ல, கிட்டத்தட்ட நேர் வடக்கு. 1569இல் மெர்க்கேட்டர் வரைந்த மாதிரியான படங்கள் துருவத்தைப் படத்தின் மேல் விளிம்புக்கும் அப்பால் தள்ளிவிட்டதால் இந்த வழி நம் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

கணக்கும் கடினமல்ல. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சைன், கொசைனை வைத்தே போட்டால் 15,339 கி.மீ. வருகிறது. அச்சில் வரும் எண்ணைவிடப் பத்து கி.மீ. குறைவு. பூமி முழு உருண்டையாக இல்லாததுதான் காரணம்: துருவ ஆரம் நிலநடுக்கோட்டு ஆரத்தைவிட 21 கி.மீ. குறைவு. துருவத்துக்கு அருகே தரை சற்றே தட்டையாக இருப்பதால் அங்கே ஓர் அட்சப் பாகையின் நீளம் 111.7 கி.மீ.; நிலநடுக்கோட்டுக்கு அருகே 110.6. நம் கோடு துருவத்தை ஒட்டிப் போவதால் அந்தக் கூடுதல் முழுவதும் இதன் தலையில் விழுகிறது. பூமியின் இந்தச் சப்பையையும் கணக்கில் எடுக்க 1975இல் வின்சென்ட்டி என்பவர் தந்த வாய்பாட்டைத்தான் நில அளவையாளர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இதில் எவ்வளவு நுட்பம் காட்டினாலும் பயணிக்குப் பெரிய லாபமில்லை என்பதையும் சொல்லிவிடலாம். பத்து கி.மீ. என்பது விமானத்துக்கு நாற்பது விநாடி. ஓடுபாதையில் முன்னால் நிற்கும் விமானம் கிளம்பக் காத்திருக்கும் நேரம்கூட அதைவிட அதிகம்.

ஆக, தூரம் என்ற பாதிக்கு விடை சுத்தமாகக் கிடைத்துவிடுகிறது. வம்பெல்லாம் மற்றப் பாதியில்.

நேரத்தைக் கணிக்க எல்லோரும் செய்வது ஒன்றுதான். தூரத்தை மணிக்கு 900 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்கொள்வது. 15,349ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி. அரை மணி சேர்த்தால் பதினேழரை. கால அட்டவணையோ பதினெட்டே முக்கால் சொல்கிறது. இடையில் ஒரு மணிக்கு மேல் எங்கே போனது? கொஞ்சம் தரையில் போகிறது. அட்டவணை சொல்லும் நேரம், நிலையத்து வாயிலில் சக்கரக் கட்டைகளை எடுப்பதிலிருந்து அடுத்த ஊரில் மீண்டும் கட்டை வைக்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதற்குள் அடக்கம். கொஞ்சம் வேண்டுமென்றே சேர்த்த உபரி. தாமதமாகக் கிளம்பினாலும் "நேரத்துக்கு வந்துவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ள உதவும். மற்றதெல்லாம் காற்று.

தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு போல ஓடும் பலத்த காற்றோட்டங்கள் உண்டு. ஜெட் காற்று என்கிறோம். இதை முறையாக அளந்தவர் வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். 1920களில் தாதேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை விட்டு அளந்து, கண்டதை 1926இல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகமே படிக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை. 1944இல் ஜப்பான் மீது குண்டு போட உயரத்தில் பறந்து வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கி இலக்குத் தவறிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

இங்கே ஒரு கேள்வி எப்போதும் வரும். பிள்ளைகள் கேட்பார்கள், பெரியவர்கள் கேட்க வெட்கப்படுவார்கள். பூமி கிழக்கு நோக்கித்தானே சுழல்கிறது, அப்படியானால் மேற்கே பறக்கும் விமானம் சும்மா அந்தரத்தில் நின்றாலே ஊர் அதன் அடியில் வந்து சேர்ந்துவிடாதா? வராது. ஓடும் ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈ பின்சுவரில் மோதுவதில்லை; பெட்டியின் காற்றோடு அதுவும் போகிறது. பூமி தன் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் சுழல்கிறது. கிழக்கே போகும் விமானத்துக்குக் கிடைக்கும் சலுகை முழுக்க ஜெட் காற்றிலிருந்து வருவது.

அந்தச் சலுகை சின்னதல்ல. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசிய இரவில் நியூயார்க்கிலிருந்து லண்டன் போன ஒரு போயிங் 747, தரையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல் பறந்து 4 மணி 56 நிமிடத்தில் இறங்கியது. தரையோடு ஒப்பிட்ட வேகம்தான் அது. சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் வழக்கமான வேகமே. படகோட்டிகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆற்றோட்டத்தோடு போகும் படகையும் எதிர்த்துப் போகும் படகையும் ஒரே கணக்கில் வைப்பார்களா?

டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. 2015இல் ஏர் இந்தியா இந்தச் சேவையைத் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாகப் பறந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையைத் திருப்பிக் கிழக்கே பசிபிக் வழியாகப் போனார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ.; அதாவது 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பாக. இந்த இரு நகரங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய கோடோ 12,400 கி.மீ.யை எட்டவில்லை. இரண்டு வழிகளில் ஒன்றுகூட அந்தக் கோட்டின் அருகில் போகவில்லை.

சிங்கப்பூர்–நியூயார்க் விமானமும் பல நாள் இதையே செய்கிறது. போகும்போது துருவத்தை விட்டுவிட்டு வடகிழக்காகத் திரும்பி, ஜப்பானின் பக்கம் ஜெட் காற்றைப் பிடித்து, பசிபிக்கைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழைகிறது. அப்படிப் போனால் தூரம் 16,000 கி.மீ.யைத் தாண்டிவிடும். ஆயினும் லாபம். திரும்பும்போது அதே காற்று எதிரி; வேறு பாதை தேட வேண்டும்.

போகும்போது கிடைத்ததும் வரும்போது இழந்ததும் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. 15,000 கி.மீ. தடம், விமானத்தின் வேகம் 900, காற்று 100 என்று வைத்துக்கொள்வோம். போக 15 மணி. வர 18 மணி 45 நிமிடம். மொத்தம் 33 மணி 45 நிமிடம். காற்றே இல்லாத நாளில் போய்வர 33 மணி 20 நிமிடம் போதும். காற்று தந்ததைவிட எடுத்துக்கொள்வது 25 நிமிடம் அதிகம், ஏனென்றால் எதிர்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டியிருக்கிறோம்.

காற்றைக்கூட முன்னறிந்துவிடலாம். எல்லைகள் அப்படி அடங்குவதில்லை. ஆர்க்டிக் வழியின் வரலாறே பெரும்பாலும் எல்லைகளின் வரலாறுதான். 1954இல் ஸ்காண்டிநேவிய ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து கிரீன்லாந்திலும் கனடாவிலும் இறங்கி ஏறி லாஸ் ஏஞ்சலிஸ் போனது. ஆனால் சோவியத் வான்வெளி மூடிக் கிடந்ததால், ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகும் விமானங்கள் பல பத்தாண்டுகள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு சுற்றிப் போயின. அந்த எல்லையில் வழி தவறுவதன் விலை 1983 செப்டம்பர் 1 அன்று தெரிந்தது. கொரிய விமானம் 007 சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு கதவு திறந்தது. 1998 ஜூலையில் கேத்தே பசிபிக் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து வடதுருவப் பகுதி வழியாக நிற்காமல் பறந்து ஹாங்காங்கின் புதிய விமான நிலையத்தில் இறங்கியது.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்குள் கதவு பாதி மூடிவிட்டது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் அடைபட்டது. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதையே தன் பிழைப்பாக வைத்திருந்த ஃபின்ஏருக்கு விழுந்த அடி பெரிது. ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணிக்குப் போனது. இரண்டு நகரங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானை மூடியபோது, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் நடுவில் வியன்னா போன்ற இடங்களில் இறங்கி எண்ணெய் நிரப்ப வேண்டி வந்தது. தூரக் கணக்குச் சொல்லும் எந்த வாய்பாட்டிலும் வெளியுறவுத் துறைக்கு இடமில்லை. நேரக் கணக்கில் அதன் பங்கு காற்றுக்கு நிகரானது.

வழியில் எங்கே இறங்கலாம் என்பதும் பாதையை வளைக்கிறது. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரத்தில் ஒரு விமான நிலையத்தை அடைய முடியும்? 1953இல் அமெரிக்க விதி 60 நிமிடம் என்றது. 1985இல் 120 நிமிடம் ஆனது. 2014இல் ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம்வரை ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. எஞ்சின்கள்மீது நம்பிக்கை கூடக் கூட, கடலின் மேலும் பனியின் மேலும் கோடுகள் நிமிர்ந்தன. சமதூரத்தில் இருப்பது சமநேரத்தில் இருப்பதாகாது என்பதற்கு விமானிகளின் கணக்கில் ஒரு புள்ளி உண்டு. திரும்பிப் போகவும் தொடர்ந்து போகவும் ஒரே நேரம் ஆகும் இடம் அது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே 3,000 கி.மீ., விமானத்தின் வேகம் அதே 900, பின்காற்று 100 என்றால் அந்தப் புள்ளி 1,500இல் வராது, 1,333இலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு திரும்புவதைவிட முன்னே போவதே சீக்கிரம்.

இறங்கும் இடம் என்பது வெறும் ஓடுபாதை மட்டுமல்ல என்பதை 2023 ஜூன் காட்டியது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் மாற்று விமானம் வரும்வரை அந்தச் சிறு நகரம் தரும் கூரையின் கீழ் தங்கினார்கள். துருவ வழிக்கு அமெரிக்க விதிகள் கேட்கும் முன்னேற்பாடுகளில் இரண்டு கடுங்குளிர் உடைகளும் அடக்கம். இறங்கினால் வெளியே போய் வேலை பார்க்கிறவர்களுக்கு வேண்டுமே. எண்ணெய்க்கும் குளிர் உண்டு. ஜெட் ஏ எனும் வகை பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகையிலும், ஜெட் ஏ-1 எனும் வகை 47 பாகையிலும் உறையத் தொடங்கும். உறைநிலையை நெருங்கினால் விமானி கீழே இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டும். இரண்டும் நேரத்தை மாற்றும்.

இத்தனைக்கும் மேலே நிற்பது பணம். சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தின் கதையைப் பார்த்தால் இந்தத் தூரத்தைத் தீர்மானித்தது பூகோளத்தைவிட எண்ணெய் விலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2004 ஜூன் 28 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதன்முதலாக, நியூயார்க்கை அடுத்த நியூவார்க் நிலையத்துக்கு நிற்காமல் பறந்தது. நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500. நெடுந்தூரம் போகும், எண்ணெயும் குடிக்கும். 2008இல் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. பாங்காக்கிலிருந்து நியூயார்க்குக்கு அதே வகை விமானத்தை ஓட்டிய தாய் ஏர்வேஸ் அந்தத் தடத்தில் அந்த ஆண்டே கடையைக் கட்டியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எல்லா இருக்கைகளையும் எடுத்துவிட்டு 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் வைத்துப் பார்த்தது. அதுவும் தாங்கவில்லை, 2013 நவம்பரில் சேவை நின்றது. அடுத்த ஐந்து ஆண்டுகள் இந்த இரு நகரங்களும் நில வரைபடத்தில் அதே இடத்தில் இருந்துகொண்டே பயணத்தில் பல மணி நேரம் விலகிப் போய்விட்டன. 2018 அக்டோபர் 11 அன்று இரண்டே எஞ்சின் உள்ள ஏ350-900இன் நெடுந்தூர வகை அந்தத் தடத்தை மீட்டது. கென்னடி நிலையத்துக்கு 2020 நவம்பரில், பெருந்தொற்றுக்கு நடுவே பறக்கத் தொடங்கினார்கள்.

அந்த விமானத்தின் எண்ணெய்த் தொட்டி 1,65,000 லிட்டர் கொள்ளும். நம் சாலைகளில் போகும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் பதினான்கு வந்து நின்றால்தான் நிரம்பும். எடை ஏறத்தாழ 130 டன். விமானம் மேலே எழும்பத் தக்க உச்ச எடையோ 280 டன். தொட்டி நிரம்பினால் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். முதல் சில மணி நேரம் எரியும் எண்ணெயில் பெரும் பங்கு, கடைசி மணிகளில் எரிக்க வேண்டிய எண்ணெயைத் தூக்கிச் சுமப்பதற்கே செலவாகிறது. பாலைவனம் கடக்க ஒட்டகம் குடிக்கும் தண்ணீரையும் அதே ஒட்டகத்தின் மேல் ஏற்றுவது போல. அதனால் நடுவில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பிப் போனால் மொத்த எண்ணெய்ச் செலவு பொதுவாகக் குறையும். நிற்காமல் போவது எண்ணெயைக் கொடுத்து நேரத்தை வாங்கும் வியாபாரம். இந்த விமானத்தில் 161 இருக்கைகளே உண்டு, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே இல்லை. வாங்கும் நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக விளங்கும். சென்னை–நியூயார்க் குறுக்குக் கோடு ஏறத்தாழ 13,480 கி.மீ.; சிங்கப்பூர் தடத்தைவிட 1,900 கி.மீ. குறைவு. துபாய் வழியாகப் போனால் 13,950 கி.மீ. போல வரும், சுற்று 500 கி.மீ.கூட இல்லை, மதுரை போகும் தூரத்துக்கும் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் நேரம்? துபாய்க்கு நான்கு மணி, அங்கிருந்து பதினான்கு மணி, நடுவில் டிரான்சிட் குறைந்தது மூன்று மணி. இருபத்தொன்றுக்குக் குறையாது, கனெக்ஷன் சரியாக அமையாவிட்டால் முப்பதையும் தொடும். பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர்கள் ஊறுகாய்ப் பாட்டிலோடு துபாயிலோ தோஹாவிலோ உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று மணி நேரத்தை எந்தத் தூர அளவாலும் விளக்க முடியாது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லாததற்குத் தூரம் காரணமில்லை என்பது மட்டும் தெளிவு. அதைவிட நீளமான தடம்தான் தினமும் ஓடுகிறதே.

மனித உடம்பு இதில் எங்கே வருகிறது? 2004இல் ஏ340-500 வந்தபோது, பயணத்தில் யாராவது இறந்துபோனால் உடலை வைக்க ஒரு சிறு மறைவிடமும் அதில் உண்டு என்ற செய்தி பரவலாகப் பேசப்பட்டது. பதினெட்டு மணி நேரம் என்பது அப்படியும் யோசிக்க வைக்கும் கால அளவு. வழக்கமாக இரண்டு கேப்டன்கள், இரண்டு துணை விமானிகள் முறை வைத்துத் தூங்கி எழுந்து ஓட்டுகிறார்கள். பயணிகளின் தூக்கத்துக்குத்தான் முறை கிடையாது. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கடிகார வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிரில் 13. இரவும் பகலும் முழுசாக இடம் மாறும் இணை. நள்ளிரவுக்குச் சற்று முன் சிங்கப்பூரில் ஏறுபவர், சுவர்க் கடிகாரப்படி ஆறேழு மணி நேரத்தில், மறுநாள் விடியுமுன் நியூயார்க்கில் இறங்குகிறார். திரும்பும்போது திங்கள் இரவு ஏறினால் புதன் விடியலில் சாங்கி. செவ்வாய்க்கிழமை முழுதும் மேகத்துக்கு மேலே கரைந்துவிடும். பசிபிக் வழியே போகிறவர் ஒரே பயணத்தில் ஓர் இரவு, ஒரு குறும்பகல், மறுபடி ஓர் இரவு பார்ப்பார்.

இந்தக் குறும்பகலைவிடப் பெரிய அனுபவம் ஒன்று இலங்கையின் தென்கோடியோடு தொடர்புடையது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்குமான விமான வழி அறுந்தது. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலீனா எனும் நீர்விமானங்களை மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து காலிக்கு அருகே கொக்கல ஏரிக்குப் பறக்கவிட்டது. இந்தியப் பெருங்கடலின் மேல் சுமார் 5,600 கி.மீ., நடுவில் இறங்க இடமே கிடையாது. எதிரி காதில் விழக்கூடாது என்று வானொலி மௌனம், திசைக்கு நட்சத்திரங்கள்தான். எண்ணெயை ஏற்றிய பிறகு மிஞ்சும் எடைக்குப் பயணிகள் மூன்றே பேர், கொஞ்சம் தபால். பயணம் 27 மணி நேரத்துக்கு மேலும் நீளும். மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். வழியில் இரண்டு முறை சூரியன் உதிக்கும் என்பதால் அதற்கு இரட்டை உதயம் என்றே பெயர். பயணிகளுக்கு அதற்கொரு சான்றிதழும் கொடுத்தார்கள். இப்படி 271 முறை கடந்தார்கள். இன்றைய ஜெட் அதே தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் முடிக்கும். ஆனால் காற்றில் இருந்த நேரத்தை மட்டும் பார்த்தால், இன்றைய மிக நீண்ட தடமும் அந்தக் கேட்டலீனாவின் காலுக்குக் கீழேதான்.

குவாண்டாஸ் அந்தப் பெயரை மறக்கவில்லை. சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்கும் அதன் திட்டத்துக்கு உதயம் என்ற பொருளில் 'சன்ரைஸ்' என்றே பெயர். 1947இல் அதே சிட்னி–லண்டன் பயணம் கான்ஸ்டலேஷன் விமானத்தில் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கி நான்கு நாள் எடுத்தது. 2019 நவம்பரில் சுமார் 50 பேரை மட்டும் ஏற்றி லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் பறந்து பார்த்தார்கள். 19 மணி 19 நிமிடம். பயணிகளின் தூக்கத்தையும் உணவையும் அசைவையும் சிட்னி பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் பெர்கின்ஸ் மையத்து ஆய்வாளர்கள் கவனித்துக் குறித்தார்கள். எப்போது விளக்கைப் போடுவது, எப்போது காரமான சாப்பாடு கொடுப்பது என்பதெல்லாம் ஆராய்ச்சியாயிற்று. சன்ரைஸ் திட்டத்துக்கென 20,000 லிட்டர் கூடுதல் தொட்டியோடும் 238 இருக்கைகளோடும் ஏ350-1000 விமானம் தயாராகிறது. சிட்னி–லண்டன் 17,000 கி.மீ. பறக்கத் தொடங்கும் நாளில் சாங்கி–நியூயார்க் தன் பட்டத்தை இழக்கும். அதற்கு மேல் நீள இடமும் அதிகமில்லை. பூமியில் எந்த இரு இடங்களுக்கும் இடையே 20,000 கி.மீ.க்குச் சற்றே கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

வேகமோ ஏறவில்லை. லண்டன்–நியூயார்க் தூரத்தை 1996 பிப்ரவரியில் கான்கார்ட் எதிர்த்திசையில் 2 மணி 53 நிமிடத்தில் கடந்தது. 2003இல் அது ஓய்வு பெற்ற பிறகு அந்த நேரத்தை யாரும் நெருங்கவில்லை. எண்ணெயை மிச்சம் பிடிக்கச் சற்று மெதுவாகப் பறக்கச் சொல்லும் கணக்கும் விமானக் கணினிக்குள் இருக்கிறது. எண்ணெய்ச் செலவையும் நேரச் செலவையும் எடை போட்டு ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். அன்றைய வேகத்தை அதுதான் சொல்லும்.

இத்தனையும் சேர்ந்துதான் பறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன் ஒரு தாளாக விமானியின் கைக்கு வருகிறது: அன்றைய காற்று, திறந்திருக்கும் வானம், இறங்க உதவும் ஊர்கள், ஏற்ற வேண்டிய எண்ணெய், போக வேண்டிய வழி, ஆகும் நேரம். நேற்றைய தாள் இன்றைக்கு ஆகாது. கதவு மூடியதும் கேப்டன் ஒலிபெருக்கியில் "இன்றைய பறக்கும் நேரம் இவ்வளவு" என்று சொல்கிறாரே, அந்த எண் அட்டவணையில் அச்சானதோடு பொருந்துவது தற்செயல்தான்.

முன் இருக்கையின் முதுகில் உள்ள சிறு திரையில் இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு நேரம் என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து ஓடும். தூக்கம் வராத இரவில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தூரம் ஒழுங்காகக் குறைந்துகொண்டே போகும். நேரம் அப்படியல்ல; எங்கோ கடலின் மேல் எதிர்காற்று பலத்தபோது, எஞ்சிய நேரம் இரண்டு நிமிடம் ஏறியது. பக்கத்து இருக்கை அம்மா அதைக் கவனித்துவிட்டு, "பின்னாலயா போறோம்?" என்று கேட்டார்.